அச்சப்படும் பூனைக்கு முதலில் வேண்டியது ஓர் அறை

பூனைகளுக்கான தத்தெடுப்பு நாளில் எந்தக் கூண்டின்முன் கூட்டம் சேரும் என்பதை அரை மணி நேரத்திலேயே சொல்லிவிடலாம். கம்பிக்கு வெளியே காலை நீட்டி விரலைத் தொடும் குட்டி, தலையை உரசி உரசிக் கூப்பிடும் செம்பழுப்புக் கடுவன் என்று கைப்பேசிகள் எல்லாம் அந்தப் பக்கமே திரும்பும். இரண்டு கூண்டு தள்ளி, மணல் தட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் பூனையின்முன் யாரும் பத்து விநாடிக்குமேல் நிற்பதில்லை. “இது தூங்குது, வா” என்று பிள்ளையை நகர்த்திக்கொண்டு போய்விடுவார்கள்.

அது தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அருகில் போய்க் கவனித்தால் உடல் இறுகியிருக்கும், காதுகள் பக்கவாட்டில் தட்டையாகியிருக்கும், மூச்சு வேகமாக வந்துபோகும். அழுத்தத்தில் இருக்கும் பூனை தூங்குவதுபோல் பாவனை செய்யும் என்பது விலங்குக் காப்பகங்களில் வேலை செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். மணல் தட்டில் போய் உட்காருவதும் சோம்பலால் அல்ல. அந்தக் கூண்டில் தன் வாசனை உள்ள இடம் அது ஒன்றுதான்.

இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பூனைக் காப்பகத்தில் தொண்டூழியம் செய்கிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. மணல் அள்ளுவது, கிண்ணம் கழுவுவது, தரை துடைப்பது. இந்த வேலையில் இருப்பவருக்கு எந்தப் பூனை எத்தனை மாதம் அதே கூண்டில் இருக்கிறது என்பது தானாகவே மனப்பாடமாகிவிடும். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஏற்பட்ட கருத்து ஒன்று உண்டு. கூச்சமும் அச்சமும் உள்ள பூனைக்குக் கூண்டிலிருந்தபடியே நிரந்தர வீடு தேடுவது பெரும்பாலும் வீண் முயற்சி. முதலில் அதற்கு ஓர் அறை வேண்டும். வீடு அதற்குப் பிறகுதான். அந்த அறையைக் கொடுக்கக்கூடியவர்களில் நம்மைப் போன்ற மாணவர்களும் அடங்குவர்.

பூனையின் அழுத்தம் வெறும் ஊகம் இல்லை. அதை அளக்கவே ஓர் அளவுகோல் இருக்கிறது. கெஸ்லர், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த அளவுகோலில் 7 நிலைகள். வயிறு தெரியக் காலை நீட்டிப் படுத்திருப்பது ஒரு முனை. உடலைச் சுருக்கி, கண்மணி முழுவதும் விரிந்து, அசையாமல் நடுங்குவது மறுமுனை. 2014இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே பயன்படுத்தி ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10க்கு ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள், 9க்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள் மூன்றாம், நான்காம் நாளிலேயே தெளியத் தொடங்கின. கிடைக்காதவற்றுக்கு அதே நிலைக்கு வர ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது.

ஒரு பெட்டிதான் வித்தியாசம். பூனைகளை மாற்றவில்லை, உணவை மாற்றவில்லை.

அப்படியானால் கூண்டில் நாம் பார்த்து, “இதற்குப் பாசமே கிடையாது”, “இது மனிதர்களுக்கு ஒத்துவராது” என்று தீர்ப்பு எழுதுகிறோமே, அதில் எத்தனை பங்கு பூனையின் குணம், எத்தனை பங்கு அந்த இடத்தின் குணம்? பக்கத்துக் கூண்டில் அறியாத பூனைகள், எங்கிருந்தோ நாய் குரைக்கும் சத்தம், கிருமிநாசினி வாடை, ஒரு கையளவு தூரத்தில் உணவும் கழிப்பிடமும், மணிக்கொரு புதுமுகம். மோப்பத்தாலும் எல்லையாலும் உலகை அறியும் விலங்குக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தவிர, இது மனத்தோடு நின்றுவிடுவதில்லை. அழுத்தத்தால் பூனைக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வரலாம். உடலுக்குள் அடங்கிக் கிடந்த சளிக் கிருமி மீண்டும் தலைதூக்கலாம். சில நாள்கள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால், அதுவும் பருமனான பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூக்கு ஒழுகும், மெலிந்துபோன பூனையை யார் தத்தெடுக்க வருவார்கள்? கூண்டில் நாள் கூடக் கூட அதற்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது. வாய்ப்பு குறையக் குறைய நாள் கூடுகிறது.

நம் மொழியும் அமைதியான பூனைக்கு ஆதரவாக இல்லை என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம். ‘இந்தப் பூனையும் பால் குடிக்குமா’ என்று சந்தேகப்படுவதற்குத்தான் அது நமக்கு உதவுகிறது. (நிஜத்தில் இந்தப் பூனை பால் குடிக்காமல் இருப்பதே நல்லது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம்.)

கோப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பும் பழுப்பும் கலந்த பெண் பூனை என்பதால் அந்தப் பெயர். வயது நான்கு இருக்கும் என்றார் மருத்துவர். அதை வளர்த்த மூதாட்டி தாதிமை இல்லத்துக்குப் போனபிறகு காப்பகத்துக்கு வந்தது. அதாவது, ஒரு வீட்டில் ஒருவரோடு நான்கு ஆண்டு வாழ்ந்த பூனை. எங்கள் கூண்டில் அது இரண்டு நாள் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் இரவில், விளக்கணைத்த பிறகு, கொஞ்சம் சாப்பிட்டது. பிறகு பதினொரு மாதம் அப்படியே ஓடியது. பகலில் சிலை, இரவில் மட்டும் பூனை.

இடையில் ஒருமுறை அதற்கு வீடு கிடைத்தது. புகைப்படத்தைப் பார்த்து ஒரு குடும்பம் வந்தது. அறிவிப்பில் ‘கொஞ்சம் வெட்கப்படும், ஆனால் மிகவும் சமத்து’ என்று போட்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லையாம், பிள்ளைகள் ஏமாந்து போனார்களாம். அந்தக் குடும்பத்தின்மீது எனக்குக் கோபமில்லை. ஐந்து நாளில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பூனை வளர்ப்போரிடையே ஒரு கணக்கு புழங்குகிறது: முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் ‘இது என் வீடு’ என்ற எண்ணம். அச்ச சுபாவமுள்ள பூனைக்கு இந்தக் கணக்கும் போதாது. ஐந்தாம் நாள் என்பது அதற்கு இன்னும் தொடக்கமே.

இங்கே தத்தெடுப்பு அறிவிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. சமூக ஊடகத்தில் நாம் பகிரும் அறிவிப்புகளில் இரண்டு வகை அதிகம். ஒன்று, கண்ணீர் வகை: ‘யாருமே வேண்டாம் என்கிறார்கள், நீங்களாவது...’ என்று சோகமான இசையோடு ஒரு காணொளி. மற்றொன்று, சர்க்கரை வகை: எல்லாப் பூனையும் சமத்து, எல்லாப் பூனையும் மடியில் தூங்கும். முதல் வகை பரிதாபத்தைக் கிளப்பும். பரிதாபத்தில் எடுத்த முடிவு ஒரு வாரம் தாங்கினால் அதிகம், ஆனால் பூனை பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியது. இரண்டாம் வகை பொய்ச்சான்றிதழ். கோப்பிக்கு நேர்ந்தது அதனால்தான். ‘இந்தப் பூனை முதல் மாதம் உங்கள் கண்ணில் படாது. இரவில் சாப்பிடும். தூக்கினால் பிடிக்காது. அமைதியான வீடு வேண்டும்’ என்று எழுதினால் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் கடந்து போவார்கள் என்று காப்பகத்தில் சிலர் பயப்படுகிறார்கள். போகட்டுமே. ஒரு பூனைக்கு ஒரு வீடு போதும்.

சிங்கப்பூரில் இதற்கான வாய்ப்பு முன்பைவிட இப்போது அதிகம். 1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. தடை இருந்தாலும் பலர் வளர்த்தார்கள் என்பது எந்தப் பேட்டையிலும் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும், முதன்முறை உரிமம் எடுப்பவர் இணையத்தில் ஒரு பாடத்தை முடிக்க வேண்டும். ஏற்கெனவே வளர்த்தவர்கள் ஒழுங்குபடுத்திக்கொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை இரண்டாண்டு மாறுகாலமும் வகுக்கப்பட்டது. முன்பெல்லாம் ‘வீவக வீட்டில் கூடாதே’ என்ற ஒரே வரியில் பெற்றோர் பேச்சை முடித்துவிடுவார்கள். இப்போது அந்த வரி இல்லை. ஆனால் வேறு வரிகள் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் கேட்டபோது வந்தவை இவை. “தேர்வு நேரத்துல யாரு பாத்துக்கிறது?” என்றார் அம்மா. “கம்பளம், சோபா எல்லாம் கிழிஞ்சா?” என்றார் அப்பா. பாட்டியின் வாதம் வேறு மாதிரி. “பூனை குறுக்க போனாலே நாங்க திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போவோம். நீ என்னடின்னா வீட்டுக்குள்ளயே கொண்டு வர்றேங்கிற!”

அம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்கு எழுத்தில் பதில் கொடுத்தேன். தத்தெடுப்பு இல்லை, எட்டு வாரத் தற்காலிகப் பராமரிப்பு மட்டும். என் அறையில் மட்டும். உணவும் மருத்துவச் செலவும் காப்பகத்துடையது, மணல் அள்ளுவது என்னுடையது. ஒத்துவராவிட்டால் காப்பகம் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்தத் தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்கியது. பாட்டிக்கு மட்டும் பதில் கொடுக்கவில்லை. பாட்டியிடம் யாரும் வாதாடி வென்றதாக எங்கள் குடும்ப வரலாற்றில் பதிவு இல்லை.

செய்ய வேண்டிய ஏற்பாடுகள் அதிகமில்லை. அறைச் சன்னலுக்கு வலை, அது கட்டாயம். பத்தாவது மாடியில் பூனை ‘எப்படியும் தப்பிக்கும்’ என்று நம்புவது முட்டாள்தனம். பக்கவாட்டில் ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று. ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர்மூலையில் உணவு, தண்ணீர். தமிழர் வீடு என்பதால் இன்னும் சில: கற்பூரம் பூனைக்கு நஞ்சு, ஆகவே அது பூட்டிய அலமாரிக்குள் போயிற்று. சாம்பிராணி போடும்போது என் அறைக்கதவு மூடியிருக்கும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகாது, ஆகவே ‘ஒரு வாய் சாதம் வச்சா என்ன’ என்ற உபசாரத்துக்கு இடமில்லை.

அதன்பிறகு நான் செய்தது என்னவென்றால், எதுவும் செய்யாமல் இருந்தது. இதுதான் கடினம். அட்டைப்பெட்டியைக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்த பழைய துணியோடு வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து பாடம் படித்தேன். கூப்பிடவில்லை, எட்டிப் பார்க்கவில்லை, வெளியே இழுக்கவில்லை. எங்கள் அறைத் தரையில் டைல்ஸ் இருப்பதால் ஒரு வசதி: எத்தனை டைல்ஸ் தள்ளி நிற்கிறது என்று எண்ணிக் குறித்துவைக்கலாம். முதல் வாரம் எண்ணுவதற்கு எதுவும் இல்லை, பூனையே இல்லை. கிண்ணம் மட்டும் காலையில் காலியாக இருக்கும். ஒன்பதாம் நாள் இரவு, நான் விரிவுரைக் குறிப்பை முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, பெட்டியிலிருந்து தலை வந்தது. ஆறு டைல்ஸ். பதினான்காம் நாள் நான்கு. மறுநாள் குக்கர் விசில் அடித்தது, மீண்டும் பூஜ்ஜியம். சீனப் புத்தாண்டு சமயம் புளோக்கின் கீழ்த்தளத்தில் சிங்க நடனக் கொட்டு முழங்கியபோது ஒரு நாள் முழுவதும் பெட்டியைவிட்டு நகரவில்லை. முன்னேற்றம் நேர்க்கோட்டில் போகாது. சாப்பிடுகிறதா, சிறுநீர் கழிக்கிறதா என்பதை மட்டும் தவறாமல் கவனித்தேன். அந்த இரண்டில் ஒன்று நின்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், மற்றதற்கெல்லாம் காத்திருக்கலாம்.

‘பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா’ என்று கேட்போம். உலகம் இருளாது, ஆனால் பூனைக்கு அது ஒரு பேச்சு. சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் ஒருவர் பூனையைப் பார்த்துக் கண்களை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தால், பூனையும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்குவது கூடியது. முன்பின் தெரியாதவர் அப்படிச் செய்துவிட்டுக் கையை நீட்டினால், வெறுமனே கையை நீட்டியதைவிட, பூனை அருகில் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்ணைத் தாழ்த்துவது சமாதானம். நான் இதைப் பாட்டிக்குச் சொன்னேன். நம்பவில்லை. ஆனால் பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தானே. ஒருநாள் நான் வகுப்பு முடிந்து வந்தபோது, பாட்டி என் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே பார்த்துக் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “தூக்கம் வருது” என்றார்.

ஐந்தாவது வாரம் கோப்பி கூடத்துக்கு வந்தது. வசந்தத்தில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டியின் காலிலிருந்து ஒரு டைல் தள்ளி உட்கார்ந்து, கைகளை மடித்துக்கொண்டது. பதினொரு மாதம் கூண்டின்முன் நின்றவர்கள் யாரும் பார்க்காத பூனை அது. அன்று எடுத்த காணொளி பதினெட்டு விநாடிதான். இசை இல்லை, கண்ணீர் இல்லை. தொலைக்காட்சிச் சத்தத்துக்கு இடையே ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் காப்பகம் புதிய அறிவிப்போடு போட்டது. மேலே நான் சொன்ன வரிகளோடு.

மூன்று பேர்தான் தொடர்புகொண்டார்கள். ஒருவர் முழு அறிவிப்பையும் படித்தவர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், மலாய்க்காரர், தனியாக வாழ்பவர். நாங்கள் அவரைப் பாக்சிக் என்றே கூப்பிட்டோம். காப்பகத்துக்கு வரச் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். முதல் தடவை அவருக்குக் கிடைத்தது வாலின் நுனி மட்டும். “பரவாயில்லை, எனக்கும் யாராவது திடீரென்று வீட்டுக்கு வந்தால் பிடிக்காது” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் தடவை செய்தித்தாளோடு வந்தார். அறை வாசலில் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தார். மூன்றாம் தடவை கோப்பி அவர் காலணி வாசனையை முகர்ந்தது. நான்காவது வாரயிறுதியில், துவைக்காத அதே துணியோடும் அதே அட்டைப்பெட்டியோடும் அழைத்துக்கொண்டு போனார். பெட்டி ஏற்கெனவே கிழிந்துபோயிருந்தது. புதியது வாங்கித் தருகிறேன் என்றதற்கு, இதில்தான் அதன் வாசனை இருக்கிறது என்றார். அவருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையிருக்கவில்லை.

சரி, இதில் மாணவர்கள் எங்கே வருகிறார்கள் என்று கேட்கலாம். நமக்குப் பணமில்லை, சொந்த வீடில்லை, பதினைந்தாண்டுக்கு வாக்குக் கொடுக்கும் நிலையில் வாழ்க்கையும் இல்லை. வெளிநாட்டில் படிக்கப் போகலாம், தேசிய சேவைக்குப் போகலாம், வேலை எங்கே கிடைக்குமோ தெரியாது. ஆகவே இருபது வயதில் அவசரப்பட்டுப் பூனை தத்தெடுக்காதீர்கள் என்றுதான் நான் நண்பர்களிடம் சொல்வேன். குறிப்பாக, விடுதி அறையில் இரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களிடம். ஆனால் எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று எல்லை உள்ள வேலைக்கு நாம் பொருத்தமானவர்கள். தரையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் படிக்கும் ஆள் வேறு யார் இருக்கிறார்கள்? தேர்வுக்குப் படிப்பதும் அச்சப்படும் பூனைக்குத் துணையிருப்பதும் ஒரே வேலை; இரண்டுக்கும் அசையாமல் இருக்க வேண்டும். தற்காலிகப் பராமரிப்புக்கு எடுக்கும்முன் உரிமம், எண்ணிக்கை வரம்பு பற்றிக் காப்பகத்திடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும் கேளுங்கள். பெற்றோரிடம் எழுத்தில் கொடுங்கள், வாயால் கொடுத்த உறுதி தேர்வு வாரத்தில் மறந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிரிவு வருத்தம் தராதா என்றும் கேட்பார்கள். தரும். கோப்பி போனபிறகு ஒரு வாரம் நான் கதவைக் கால்வாசி மட்டுமே திறந்து அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தேன், பழக்கம். பாட்டி, “அந்த மனுஷன் ஒழுங்கா சோறு போடுறாரான்னு கேளு” என்று தினமும் நச்சரித்தார். ஆனால் அந்த வருத்தத்தைக் காரணமாக்கி யாரும் அறை கொடுக்காவிட்டால், வருத்தமில்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும், இன்னொரு பதினொரு மாதக் கூண்டு பூனைக்கும் என்றாகிவிடும்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பயந்த பூனையும் வீட்டுக்கு ஏங்குகிறது என்று நினைக்கக் கூடாது. குட்டிப் பருவத்தில், ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரத்துக்குள், மனிதர் பழக்கம் ஏற்படாமல் வளர்ந்த பூனைக்கு நான்கு சுவர் என்பது சிறை. புளோக்கின் கீழே வாழும், இடது காதின் நுனி வெட்டப்பட்ட பூனைகளைப் பார்த்திருப்பீர்கள். கருத்தடை செய்யப்பட்டதற்கான அடையாளம் அது. அவற்றில் பலவற்றுக்கு அந்தப் பேட்டைதான் வீடு, உணவு கொண்டுவரும் ஆன்ட்டிதான் குடும்பம். அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் ‘காப்பாற்றுவது’ உதவியாகாது. கோப்பி போன்றவை வேறு. ஒரு காலத்தில் வீட்டை அறிந்து, அதை இழந்து, அந்த இழப்பில் உறைந்துபோனவை. இரண்டையும் பிரித்தறிய அனுபவமுள்ளவரின் கண் வேண்டும், எனவே இந்த முடிவை உங்கள் மனம் போன போக்கில் எடுக்காதீர்கள்.

அறை கொடுக்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. காப்பகங்களில் குட்டிகளோடு விளையாட ஆள் வருவார்கள், கூச்சப் பூனையின் கூண்டருகே சும்மா உட்கார ஆள் கிடைப்பதில்லை. கூண்டின் முன்பாதியை ஒரு துண்டால் மறைத்துவிட்டு, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதாவது வாசியுங்கள். தொடக்கக் கல்லூரி மாணவர் ஒருவர் எங்கள் காப்பகத்தில் வேதியியல் குறிப்பை வாசித்துக்கொண்டிருக்கிறார். பூனைக்கு வேதியியலில் ஆட்சேபணை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் வரலாம், இடையில் குறுக்கிடாத தேர்வாளர் கிடைப்பார். தமிழில் வாசியுங்கள். தமிழ்க் குரல் கேட்கும் வீட்டுக்கும் ஒரு பூனை போகலாம் அல்லவா?

இப்போது மேல்வரிசைக் கடைசிக் கூண்டில் ஒரு கறுப்புக் கடுவன் இருக்கிறது. போன வாரம் அதற்கு நாங்கள் எழுதிய அறிவிப்பு இது: ‘வயது ஆறு. கருத்தடை செய்யப்பட்டது. மைக்ரோசிப் உண்டு. ஆள் வந்தால் மணல் தட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், இரவில் மட்டும் சாப்பிடும். இதுவரை யாரையும் கடித்ததில்லை, யார் மடியிலும் ஏறியதில்லை. சிறு பிள்ளைகள் இல்லாத வீடு வேண்டும். முதலில் பன்னிரண்டு வாரத்துக்கு ஓர் அறை கிடைத்தாலும் போதும்.’